வெளிநாடு வரும் உம்மா வாப்பாவை உல்லாசக் கப்பலில் அழைத்துச் செல்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

வளைகுடா நாடுகளில் தொழில் புரியும் எமது பிள்ளைகள் பெற்றோரை வருகை வீசாவில் அழைப்பது இப்போது சாதாரண விடயமாகிவிட்டது. முன்பு வாப்பா ஒருமுறை ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போய் வந்தால் அதுவே ஊரில் பெரிய பயணம். இன்று மகன் டுபாயில் இருக்கிறார், மகள் கட்டாரில் இருக்கிறார் என்று ஒன்று அல்லது இரண்டு மாதங்கள் பேரப்பிள்ளைகளுடன் தங்கிவர உம்மா வாப்பா விமானம் ஏறுகிறார்கள். வந்தவர்களுக்கு எதைக் காட்டுவது என்ற கேள்விக்கு அண்மைக் காலமாகப் பல குடும்பங்கள் கண்டிருக்கும் பதில்தான் உல்லாசக் கப்பல் பயணம். டுபாய், அபூதாபி, தோஹா, ஜித்தா ஆகிய துறைமுகங்களிலிருந்து மூன்று இரவு, நான்கு இரவு, ஏழு இரவுப் பயணங்கள் விற்பனையாகின்றன. ஒக்டோபர், நவம்பர் முதல் ஏப்ரல் வரையான குளிர்காலமே வளைகுடாவில் இதற்கான பருவம்.

இந்தப் பயணம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. விளம்பரத்தில் நீலக் கடலும் நீச்சல் தடாகமும் தெரிகின்றன. அறுபது, எழுபது வயதைக் கடந்த, நீரிழிவும் முழங்கால் வலியும் உள்ள, ஐவேளை தொழும் ஒரு தாயும் தந்தையும் அந்தக் கப்பலில் ஏறினால் என்னென்ன நடக்கும் என்பது விளம்பரத்தில் தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுத்தால் பணமும் மிஞ்சும், மனமும் நோகாது.

உல்லாசக் கப்பல் எப்படி இயங்குகிறது?

ஆசிரிய கலாசாலையில் எமக்குக் கற்பித்த அடிப்படைப் பாடங்களில் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது. எமது மூத்தவர்களுக்குத் தெரிந்த கப்பல் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடிய கப்பல். அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு ஆட்களை ஏற்றி இறக்கியது. உல்லாசக் கப்பல் அப்படியல்ல. பெரும்பாலும் புறப்பட்ட துறைமுகத்திற்கே திரும்பி வரும். அதை மிதக்கும் ஒரு ஹோட்டல் என்று சொன்னால் உம்மாவுக்கு விளங்கிவிடும்.

அளவைப் புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு. 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 269 மீற்றர். 2024 இல் பயணத்தைத் தொடங்கிய ஐகொன் ஒஃப் த சீஸ் என்ற கப்பலின் நீளம் ஏறத்தாழ 365 மீற்றர். அதில் 7,000 இற்கும் அதிகமான பயணிகள் ஏறலாம். வளைகுடாவுக்கு வரும் கப்பல்கள் இதைவிடச் சிறியவை. ஆயினும் அறையிலிருந்து உணவு மண்டபத்திற்குச் செல்ல நூறு, இருநூறு மீற்றர் நடக்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கட்டணம் பொதுவாக இருவர் தங்கும் அறைக்குத் தலைக்கு இவ்வளவு என்றே குறிப்பிடப்படும். தங்குமிடம், பிரதான உணவு, பெரும்பாலான நிகழ்ச்சிகள் அதில் அடங்கும். கரையில் பஸ்ஸில் ஊர் சுற்றிக் காட்டுவது, இணைய வசதி, சிறப்பு உணவகங்கள், வைத்தியரைப் பார்ப்பது ஆகியவற்றுக்குத் தனியாகச் செலுத்த வேண்டும். பல கம்பனிகள் ஊழியர் சேவைக் கட்டணம் என்று ஒருவருக்கு நாளொன்றுக்குப் பத்து டொலருக்கும் மேல் தாமாகவே கணக்கில் சேர்த்துவிடும். பெற்றோர், பிள்ளைகள் என ஆறு பேர் ஏழு இரவு சென்றால் அது மட்டும் 400 டொலரைத் தாண்டும். கப்பலில் காசு புழங்குவதில்லை. அறைத் திறப்பாகப் பயன்படும் அட்டையிலேயே எல்லாம் பதிவாகி, இறுதி நாளில் உங்கள் வங்கி அட்டையிலிருந்து கழிக்கப்படும். ஆகவே முற்பதிவுக்கு முன், "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்ற கேள்விக்கு முகவரிடம் எழுத்தில் பதில் பெறுங்கள்.

நடுக்கடலில் கைத்தொலைபேசி கப்பலின் செய்மதி வலையமைப்பில் தானாக இணைந்து பெருந்தொகைக் கட்டணத்தை ஏற்றிவிடக் கூடும். உம்மா வாப்பாவின் தொலைபேசிகளையும் விமானப் பயண நிலையில் போட்டுவிடுங்கள்.

வீசா: ஒரே குடும்பம், இரண்டு நிலை

மிகப் பெரிய சிக்கல் இங்கேதான் வருகிறது. மகனிடம் வதிவிட அனுமதி இருக்கிறது. வளைகுடா நாடொன்றில் வதிபவர்களுக்கு அயல் வளைகுடா நாடுகள், தொழிலையும் அனுமதியின் மீதிக் காலத்தையும் பொறுத்து, இலகுவான வீசா முறைகளை வைத்திருக்கின்றன. பெற்றோரிடம் இருப்பதோ இலங்கைக் கடவுச்சீட்டும் ஒரு நாட்டின் வருகை வீசாவும் மட்டுமே. மகனுக்குத் திறக்கும் கதவு வாப்பாவுக்கும் திறக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

டுபாயில் கப்பல் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் மஸ்கட்டுக்கோ தோஹாவுக்கோ செல்லும்போது நீங்கள் அமீரகத்தை விட்டு வெளியேறியவர்களாகவே குடிவரவுப் பதிவில் கணிக்கப்படுவீர்கள். பெற்றோரிடம் ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய வீசா இருந்தால், வெளியேறியதும் அது முடிந்துவிடும். திரும்பி வரும்போது நுழைய அனுமதி இருக்காது. இதனால்தான் கப்பல் கம்பனிகள் பலமுறை நுழைவு வீசாவைக் கேட்கின்றன. அது இல்லாவிட்டால் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டால் பொதுவாகப் பணம் மீளக் கிடைக்காது, ஏனென்றால் ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும்.

எனவே பெற்றோருக்கு வீசா விண்ணப்பிக்கும் நாளிலேயே, கப்பலில் போகும் எண்ணம் இருந்தால், பலமுறை நுழைவு வீசா எடுங்கள். கப்பல் தரிக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் இலங்கையருக்கு முன்கூட்டிய வீசா தேவையா என்பதைக் கம்பனியிடமும் அந்நாட்டின் உத்தியோகபூர்வ இணையத்தளத்திலும் பாருங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. சென்ற வருடம் நண்பர் போன விதம் இந்த வருடம் செல்லுபடியாகாமல் போகலாம். கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாத காலம் மீதமிருக்க வேண்டும். இந்தச் சிக்கலை முற்றாகத் தவிர்க்க விரும்புவோர், பெற்றோர் வீசா பெற்றிருக்கும் நாட்டின் துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றிவரும் பயணம் உண்டா எனத் தேடலாம்.

கடல் என்றால் பயப்படும் தலைமுறை

எமது கரையோர ஊர்களின் மூத்தவர்களுக்குக் கடல் வெறும் காட்சியன்று. 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்டவர்கள் அவர்கள். இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்பாறை மாவட்டமே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் அன்று தன் சொந்தங்களை இழந்த ஒரு தாயிடம், "கப்பலில் போவோம், நல்லா இருக்கும்" என்று சொல்வதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். அவர் மறுக்காமல் தலையாட்டுவார். உள்ளே என்ன நடக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

இந்தப் பயத்துக்கு அறிவியல் ஓரளவு ஆறுதல் தருகிறது. ஆழ்கடலில் சுனாமி அலையின் உயரம் மிகக் குறைவு. 2004 இல் இந்து சமுத்திரத்தின் மேலாகச் சென்ற செய்மதி ஒன்று, நிலநடுக்கம் ஏற்பட்டு இரண்டு மணித்தியாலம் கழிந்த நிலையில் அளந்தபோது அலை ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் உயரமே இருந்தது. அந்த அலை பல நூறு கிலோமீற்றர் நீளமானது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் அது சுருங்கி உயர்ந்து சுவராகிறது. நடுக்கடலில் நின்ற கப்பல்கள் பல அதை உணரவேயில்லை. இதை உம்மாவுக்கு ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்தலாம். விளங்கிய பிறகும் அவர் வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும்.

பயம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் சிறிதாகத் தொடங்குங்கள். டுபாய் க்ரீக்கில் அப்ரா படகில் அக்கரைக்குப் போய் வரலாம். தோஹாவில் கோர்னிச் கரையிலிருந்து மரப்படகில் ஒரு மணித்தியாலம் சுற்றலாம். அதில் உம்மாவின் முகம் மலர்ந்தால் மூன்று இரவுப் பயணத்தை யோசிக்கலாம். அவர் படகின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடியிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

அடுத்தது கடல் மயக்கம். கண் அசையாத அறையைப் பார்க்கிறது, உட்காதோ அசைவை உணர்கிறது. இந்த முரண்பாட்டால்தான் தலைசுற்றலும் வாந்தியும் வருகின்றன. பெரிய கப்பல்களின் இரு பக்கமும் நீருக்கடியில் செட்டைகள் போன்ற அமைப்புகள் உண்டு. அவை ஆட்டத்தைப் பெருமளவு குறைக்கும். வளைகுடாக் கடல் பொதுவாக அமைதியானது. குளிர்காலத்தில் ஷமால் என்ற வடமேற்குக் காற்று வீசும் நாட்களில் மட்டும் கொந்தளிக்கும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தட்டுகளில் உள்ள அறையில் ஆட்டம் குறைவு. மேல் தட்டிலும் முன் நுனியிலும் அதிகம். கடல் மயக்கத்துக்கான மாத்திரைகளும் ஒட்டும் மருந்துகளும் வயதானவர்களுக்குத் தூக்கம், குழப்பம், சிறுநீர் அடைப்பு என்பவற்றை ஏற்படுத்தலாம். கண் அழுத்த நோய், சுக்கியன் வீக்கம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பாவிக்கவே கூடாது.

நோய், மருந்து, காப்புறுதி

கப்பலில் வைத்தியரும் தாதியரும் இருப்பார்கள். அது ஒரு சிறிய சிகிச்சை நிலையம்; வைத்தியசாலைக்கு ஈடாகாது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏற்பட்டால் நோயாளியை நிலைப்படுத்தி அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள், அவசரமென்றால் ஹெலிகொப்டரையோ படகையோ அழைப்பார்கள். இதற்கான செலவு மிகப் பெரியது.

வருகை வீசாவுடன் வரும் காப்புறுதி அந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகலாம், கடலிலும் அடுத்த நாட்டிலும் கைவிடலாம். பல காப்புறுதிகள் ஏற்கனவே உள்ள நோய்களை ஏற்பதில்லை. நீரிழிவையும் இருதய நோயையும் மறைத்துக் குறைந்த கட்டணத்தில் காப்புறுதி எடுத்தால், தேவைப்படும் நாளில் அது வெறும் காகிதம். வயது, நோய் எல்லாவற்றையும் உண்மையாகச் சொல்லி, கடற்பயணத்தையும் அவசர வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய காப்புறுதி எடுங்கள்.

மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். பெரிய பெட்டிகளைக் கம்பனி ஊழியர்களே ஏற்றுவார்கள். அவை அறைக்கு வர மாலையாகலாம். இன்சுலின் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி வேண்டுமென முன்கூட்டியே அறிவியுங்கள். கோடீன், ட்ரமடோல் அடங்கிய வலி நிவாரணிகளும் சில தூக்க மருந்துகளும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதி தேவை. ஊரில் பார்மசியில் வாங்கிய மாத்திரை என்று அலட்சியமாகக் கொண்டுவந்து சிக்கலில் மாட்டக் கூடாது. வைத்தியரின் ஆங்கிலக் கடிதமும், மருந்தின் வணிகப் பெயரோடு மூலப் பெயரும் எழுதிய பட்டியலும் கையில் இருக்கட்டும்.

குடும்பமாக முன்கூட்டியே பேசிவைக்க வேண்டிய ஒன்று உண்டு. வாப்பாவை ஒரு நாட்டில் வைத்தியசாலைக்காக இறக்கினால் அவருடன் யார் இறங்குவது? அவருக்கு அந்நாட்டு வீசா உண்டா? சிறு பிள்ளைகளுடன் யார் கப்பலில் தொடர்வது? சொல்லக் கூச்சமான இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நீண்ட பயணக் கப்பல்களில் சிறிய பிரேத அறை இருக்கிறது. மரணம் நேர்ந்தால் ஜனாஸாவை இறக்குவது, ஆவணங்கள், அடக்கம் எல்லாம் அடுத்த துறைமுக நாட்டின் சட்டப்படியே நடக்கும். அந்தந்த நாட்டு இலங்கைத் தூதரகத்தின் தொலைபேசி இலக்கங்களைக் காகிதத்தில் எழுதி வைத்திருப்பது ஐந்து நிமிட வேலை.

வயிற்றோட்டமும் வாந்தியும் தரும் நோரோ வைரஸ் கப்பல்களில் விரைவாகப் பரவும். அதற்கு எதிராக மதுசாரம் கலந்த கைத்திரவம் போதியளவு வேலை செய்வதில்லை. சவர்க்காரமும் தண்ணீருமே சிறந்தவை. வுழூச் செய்யும் பழக்கமுள்ளவர்கள் சவர்க்காரத்தையும் சேர்த்துக்கொண்டால் போதும். 2020 பெப்ரவரியில் யொகொஹாமாவில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்ஸஸ் கப்பலில் 3,711 பேரில் 700 இற்கும் அதிகமானோர் கொவிட் தொற்றுக்கு உள்ளானதும் மறக்கக் கூடியதன்று. நெஞ்சு நோய் உள்ளவர்கள் தடுப்பூசிகள் பற்றி வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அறையும் பாதுகாப்பும்

மலிவான அறைக்கு ஜன்னல் இருக்காது. விளக்கை அணைத்தால் பகலிலும் கும்மிருட்டு. இரவில் இரண்டு முறை எழும் வாப்பாவுக்கு இது ஆபத்து, ஏனெனில் கப்பலின் குளியலறை வாசலில் உயர்ந்த படி இருக்கும். ஒரு சிறிய இரவு விளக்குக் கொண்டு செல்லுங்கள், அல்லது பெற்றோருக்காவது ஜன்னல் உள்ள அறை எடுங்கள். அவர்களுடைய அறை உங்கள் அறைக்கு அருகிலும், மின்தூக்கிக்கு அண்மையிலும், மதுபானக் கூடத்துக்கும் இசை மண்டபத்துக்கும் தொலைவிலும் இருக்கட்டும். இதை முற்பதிவின்போது கப்பலின் வரைபடத்தைப் பார்த்தே தெரிவு செய்யலாம். சக்கர நாற்காலி தேவையானால் அதற்கேற்ற அகன்ற வாசலுள்ள அறைகள் சிலவே உண்டு. அவை முதலில் முடிந்துவிடும். சில இடங்களில் கப்பலிலிருந்து சிறு படகில் இறங்கிக் கரை செல்ல வேண்டியிருக்கும். நடக்க இயலாதவர்களுக்கு அது கடினம்.

ஏறிய அன்றே பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். எங்கே கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படி அணிவது என்று காட்டுவார்கள். 2012 ஜனவரி 13 இல் இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கொஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்து 32 பேர் உயிரிழந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. 24 மணித்தியாலத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 முதல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனோ நடத்த வேண்டும் எனச் சர்வதேச விதி மாறியது. பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் தமிழில் மீண்டும் சொல்லிக்கொடுத்து, அறையிலிருந்து கூடும் இடம்வரை ஒருமுறை நடத்திக் காட்டுவது பிள்ளைகளின் கடமை.

உணவும் தொழுகையும்

கப்பலுக்குக் கப்பல் நிலைமை வேறுபடும். சவூதி அரேபியாவின் அரோயா கப்பல் 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. அதில் மதுவோ சூதாட்டமோ இல்லை, உணவு ஹலாலானது, தொழுகை இடங்கள் உண்டு. ஏனைய சர்வதேசக் கம்பனிகளின் கப்பல்களில் மதுவும் சூதாட்டக் கூடமும் பன்றி இறைச்சியும் இருக்கும். வளைகுடாவிலிருந்து புறப்படுகிறது என்பதால் எல்லாம் ஹலால் என்று எண்ணிவிடக் கூடாது. முற்பதிவின்போதே ஹலால் உணவு வேண்டுமெனப் பதிந்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மீனும் மரக்கறியும் பழமும் இருக்கின்றன. அப்போதும் மீன் சாறில் வைன் சேர்த்திருக்கிறதா, இனிப்பில் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது, பரிமாறும் அகப்பை வேறு தட்டுக்குப் போய் வந்ததா என்று கேட்கத் தயங்க வேண்டாம். உம்மா அந்த மேசையைக் கண்டு பேசாமல் பாணும் வாழைப்பழமும் மட்டும் சாப்பிட்டு ஒரு வாரத்தைக் கழிக்கும் நிலை வந்தால், இன்சுலின் எடுப்பவருக்கு அது உடல்நலப் பிரச்சினையாகவும் மாறும்.

கப்பல் திரும்பத் திரும்பக் கிப்லாவும் மாறும். வளைகுடாவின் தென்கரையோரத்திலிருந்து மக்கா ஏறத்தாழ மேற்கில் இருக்கிறது. இலங்கையில் நாம் வடமேற்குப் பக்கம் சாய்ந்து நிற்பவர்கள். அந்தப் பழக்கத்தில் நிற்கக் கூடாது. அறைத் தொலைக்காட்சியில் கப்பல் செல்லும் திசை பெரும்பாலும் காட்டப்படும். இரும்பால் ஆன அறைக்குள் தொலைபேசியின் திசைகாட்டி தவறலாம் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொரு கவனம்: அமீரகத்துக்கும் ஓமானுக்கும் ஒரே நேரம். கட்டார், பஹ்ரைன், சவூதி ஒரு மணித்தியாலம் பின்னால். தொலைபேசி தானாக நேரத்தை மாற்றும். கப்பல் மாற்றாமல் இருக்கலாம். தொழுகை நேரத்துக்கும், கரையிலிருந்து திரும்ப வேண்டிய நேரத்துக்கும் இதனால் குழப்பம் வரும். கப்பல் நேரத்தைக் காட்டும் ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் வாப்பாவின் கையில் இருப்பது நல்லது.

ஷாபிஈ மத்ஹபில் பயணிக்குச் சுருக்கியும் சேர்த்தும் தொழும் சலுகை உண்டு. மகனின் வீட்டில் ஒரு மாதம் தங்க நிய்யத் வைத்து வந்த பெற்றோருக்கு அங்கு பயணிக்குரிய சட்டம் இல்லை. கப்பல் அவ்வூரை விட்டுப் புறப்பட்ட பின்னரே அது மீண்டும் வருகிறது. நின்றால் தலைசுற்றி விழுந்துவிடுவோம் என்ற நிலையில் அமர்ந்து தொழுவது பற்றியும், ஜும்ஆ பற்றியும் புறப்படும் முன் ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொண்டால் வாப்பா நிம்மதியாக இருப்பார். "தொழுகை எப்படியோ" என்ற கவலை மனதில் இருந்தால் எந்தக் கடலும் அவருக்கு அழகாகத் தெரியாது.

கரையில் இறங்கும்போது

மூத்தவர்கள் அதிகம் மகிழ்வது பெரும்பாலும் கரையில்தான். மஸ்கட்டில் கப்பல் நிற்கும் சுல்தான் கபூஸ் துறைமுகத்துக்கு அருகிலேயே மத்ரஹ் சந்தை இருக்கிறது. சாம்பிராணியும் அத்தரும் வாசனைத் திரவியங்களும் உம்மாவுக்குப் பழக்கமான உலகம். 2001 இல் திறக்கப்பட்ட சுல்தான் கபூஸ் பெரிய பள்ளிவாசலும் அங்கே உண்டு. அபூதாபியில் 2007 இல் திறக்கப்பட்ட ஷேக் ஸாயித் பள்ளிவாசலையும், தோஹாவின் பழைய துறைமுகத்துக்கு அருகே 2008 இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். கப்பல் கம்பனியின் சுற்றுலாவில் சென்றால், பஸ் தாமதித்தாலும் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாக டெக்ஸியில் சென்றால் காத்திருக்காது. ஒரு நாளில் ஓரிடம் போதும். மூன்று இடங்களைப் பார்க்க ஆசைப்பட்டு முழங்கால் வீங்கி மறுநாள் முழுக்க அறையில் கிடப்பதில் பயனில்லை.

செங்கடல் தாக்குதல்களுக்குப் பிறகு சில கம்பனிகள் வளைகுடாப் பருவங்களையே இரத்துச் செய்தன. பிராந்திய நிலைமை எப்போதும் மாறலாம். ஆகையால் மீளப் பணம் தரும் நிபந்தனையைப் பார்த்தே முற்பதிவு செய்யுங்கள். பெற்றோரின் திரும்பும் விமானப் பயணத்துக்கும் கப்பல் திரும்பும் நாளுக்கும் இடையே குறைந்தது இரண்டு நாள் விடுங்கள்.

இந்தப் பயணம் யாருக்காக?

இறுதியாக, எந்த முகவரும் கேட்காத ஒரு கேள்வி. பாடசாலையில் பெற்றோர் கூட்டம் வைத்தால், தாயும் தந்தையும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக வருவது மூத்தம்மாமார்தான். பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பதும், காய்ச்சலென்றால் வைத்தியசாலையில் வரிசையில் நிற்பதும் அவர்கள்தான். அப்படி வருடக் கணக்கில் பேரப்பிள்ளைகளைப் பார்த்தவர்களை உல்லாசப் பயணம் என்று அழைத்துச் சென்று, இரவு நிகழ்ச்சி பார்க்க நாங்கள் போகிறோம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜன்னலில்லாத அறையில் விட்டுவிட்டால் அது அவர்களுக்கான பயணமாகாது. இளம் தம்பதியருக்கும் ஓய்வு தேவைதான். ஆனால் எந்த மாலை யாருக்கு என்பதை முதலிலேயே பேசிப் பகிர்ந்துகொள்ளலாம்.

எமது பெற்றோருக்குப் பிள்ளைகளிடம் "வேண்டாம்" என்று சொல்லப் பழக்கமில்லை. மகன் காசு கட்டிவிட்டான் என்று தெரிந்தால் நிச்சயமாகச் சொல்லமாட்டார்கள். ஆகவே காசு கட்டும் முன் கேளுங்கள். அதுவும் ஒரே ஒரு தெரிவை வைத்துக் கேட்காமல், "கப்பலில் மூன்று நாள் போகலாமா, அல்லது அந்தக் காசுக்கு உம்ரா போகலாமா, அல்லது வீட்டிலேயே எல்லோரும் லீவு போட்டுக்கொண்டு இருக்கலாமா?" என்று கேளுங்கள். இதுவரை உம்ரா செய்யாத பெற்றோராயின் பெரும்பாலானோரின் விடை என்னவாக இருக்கும் என்று ஊகிக்கலாம். சவூதியில் குடும்ப வருகை வீசாவில் இருப்பவர்கள் ஹஜ் காலம் தவிர்ந்த நாட்களில் நுசுக் செயலி மூலம் உம்ரா அனுமதி பெற முடியும். சிலர் உம்ராவை முடித்து ஜித்தாவில் கப்பல் ஏறவும் விரும்பக்கூடும். கடனட்டையில் தவணை போட்டுப் போகும் பயணம் என்றால், அது வாப்பாவுக்குத் தெரியவரும் நாளில் அவருடைய சந்தோஷம் பாதியாகிவிடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பெற்றோருடன் கழிக்கும் நாட்கள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே போகின்றன. வருடத்துக்கு ஒரு மாதம் என்று கணக்கிட்டால், பத்து வருடத்தில் பத்து மாதங்கள்தான். அந்த நாட்களைக் கப்பலில் கழிப்பதானால் வீசா, காப்புறுதி, மருந்து, அறை, உணவு, தொழுகை ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பின் பணத்தைச் செலுத்துங்கள். ஒன்றுக்கேனும் விடை கிடைக்காவிட்டால், விடை கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். அடுத்த பருவத்திலும் கப்பல்கள் வரும். எமது பெற்றோருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் சுகத்தையும் தருவானாக.